முதல் டிராக்டர்: வாடகையா, டில்லரா, மினியா, நடுத்தரமா, பழையதா?

"கொஞ்சம் நிலம் இருக்கிறது, எந்த டிராக்டர் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் அடுத்த மூச்சிலேயே ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். இருபத்தைந்து எச்.பி. போதுமா, நாற்பத்தைந்து வேண்டுமா? கேள்வி அங்கே தொடங்கினால் பதில் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும். பானெட், விளக்கு, பளபளப்பான பெயிண்ட் எல்லாம் முன்பக்கம் இருக்கின்றன. வேலை நடப்பதோ பின்பக்கம். அதனால் டிராக்டரைப் பின்னாலிருந்து பாருங்கள் என்பதுதான் என் ஒரே ஆலோசனை. கீழே வருவதெல்லாம் அதன் விரிவு.

பின்னால் என்ன இருக்கிறது? கருவியை மாட்டும் மூன்று கைகள், அவற்றைத் தூக்கும் ஹைட்ராலிக், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு. ஆரம்ப கால டிராக்டர்களில் கலப்பையை வண்டி போலச் சங்கிலியிலோ கொக்கியிலோ கோத்து இழுத்தார்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டரின் மூக்கு மேலே எழும்பி, ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடும். அயர்லாந்துப் பொறியாளர் ஹாரி பெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்ற, கருவியை மாட்டும் அமைப்பு அதை மாற்றியது. 1939-இல் வந்த ஃபோர்டு-பெர்குசன் 9என் டிராக்டரில் கலப்பையும் வண்டியும் ஒரே உடலாகின. கலப்பையின் இழுவை பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தியது. அதனால்தான் சின்ன டிராக்டர் பெரிய வேலை செய்ய முடிந்தது. இன்று கடையில் நிற்கும் எந்த டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாலும் அந்த மூன்று கைகள் இருக்கும்.

## முதலில் ஒரு தாளும் பேனாவும்

கடைக்குப் போகும் முன் 12 மாதத்துக்கும் வேலைகளை எழுதுங்கள். உழவு எத்தனை முறை, புல் வெட்டுவது எத்தனை முறை, எரு ஏற்றி இறக்குவது, மருந்து அடிப்பது, விறகு இழுப்பது, பாதையைச் சமன் செய்வது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கருவி, எத்தனை மணி நேரம் என்று போடுங்கள்.

மணி நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? கருவியின் அகலத்தை மீட்டரிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் பெருக்கிப் பத்தால் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஹெக்டேர் என்று வரும். திரும்புவது, ஒன்றின் மேல் ஒன்று விழுவது, நின்று தண்ணீர் குடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ஒன்றரை மீட்டர் ரோட்டாவேட்டர் 3 கிலோமீட்டர் வேகத்தில் போனால், இந்தக் கணக்கில் மணிக்குச் சுமார் 0.9 ஏக்கர் முடியும். மினி டிராக்டர் இழுக்கும் ஒரு மீட்டர் ரோட்டாவேட்டர் அதே வேகத்தில் சுமார் 0.6 ஏக்கர். உங்களிடம் 5 ஏக்கர் இருந்தால் முன்னது ஐந்தரை மணி நேரத்தில் முடிக்கும், பின்னது எட்டரை மணி நேரத்தில். வித்தியாசம் மூன்று மணி நேரம்தான். அதற்காக இரண்டு மடங்கு பெரிய வண்டி வாங்க வேண்டியதில்லை. ஆனால் 30 ஏக்கர் என்றால் கணக்கு மாறுகிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் ஒன்றுக்கு நான்கு நாளுக்குக் கொஞ்சம் மேல், மற்றொன்றுக்கு ஆறு நாளுக்கு மேல். மழைக்குப் பிறகு மண் பதமாக இருக்கும் நாட்கள் குறைவு. அந்த இரண்டு நாளில் மண் இறுகிவிட்டால் விதைப்பே தள்ளிப்போகும். பெரிய டிராக்டருக்கான உண்மையான நியாயம் இதுதான், வேலையின் கனம் கூட அப்புறம்தான்.

தாளில் இன்னும் நான்கைந்து விஷயங்கள் வேண்டும்.

அளவு: கேட், மாட்டுக் கொட்டகை வாசல், மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, தாழ்ந்த கிளைகளின் உயரம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.

மண்ணும் சரிவும்: களிமண்ணா, மணலா, எவ்வளவு நாள் ஈரம் நிற்கும், எங்கே சாய்வு அதிகம்.

ரிப்பேர்: பழுதானால் மெக்கானிக் எவ்வளவு நேரத்தில் வருவார்? ஆயில் ஃபில்டர், கிளட்ச் பிளேட், ஃபேன் பெல்ட் எங்கே கிடைக்கும்? சுற்றுப்புறத்தில் பத்துப் பேர் வைத்திருக்கும் சுமாரான மாடல், யாரிடமும் இல்லாத அருமையான மாடலைவிட மேல். இதைப் பலரும் ஒத்துக்கொள்வதில்லை. முதல் முறை அறுவடை நேரத்தில் வண்டி நின்ற பிறகு ஒத்துக்கொள்கிறார்கள்.

ஓட்டுபவர்: நீங்களேவா, வேலைக்கு வரும் ஆளா, வீட்டில் எல்லோருமா? கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டியே பழகாதவருக்கு வண்டியின் குணம் முக்கியம், பலம் அல்ல.

கடைசியாகக் கவிழ்ப்புப் பாதுகாப்புச் சட்டம். இருக்கைக்குப் பின்னால் நிற்கும் அந்த இரும்பு வளைவுதான். ஸ்வீடன் 1959-இலேயே புதிய டிராக்டர்களில் இதைக் கட்டாயமாக்கியது. இதை அளவுகோலாகக்கூட நான் வைக்கவில்லை. சட்டமும் பெல்ட்டும் இல்லாத வண்டி பட்டியலிலேயே வரக் கூடாது. பின்பக்கமாகக் கவிழும் டிராக்டர் மீட்க முடியாத நிலைக்குப் போக ஒரு நொடிகூட ஆகாது. குதித்துத் தப்பலாம் என்பது கற்பனை. சட்டம் நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போட வேண்டும். தாழ்ந்த கிளைகளுக்காக அதை மடக்கிவிட்டு ஓட்டும்போது பெல்ட் போடக் கூடாது.

## எச்.பி. எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது

பானெட்டில் ஒட்டியிருக்கும் எண் இஞ்சினின் திறன். கியர்பெட்டி வழியாகச் சுற்றிப் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது அதில் 85 முதல் 90 சதவீதம். மண்ணில் இழுவையாக மாறுவது அதைவிடவும் குறைவு, சக்கரம் வழுக்குவதில் ஒரு பங்கு போய்விடும். ரோட்டாவேட்டர், ஸ்லாஷர், ஸ்பிரேயர் மாதிரி சுழலும் கருவிதான் உங்கள் முக்கிய வேலை என்றால் பி.டி.ஓ. திறனைக் கேளுங்கள். புல்லும் புதரும் வெட்டும் ஸ்லாஷருக்கு ஒரு அடி அகலத்துக்கு ஐந்து பி.டி.ஓ. எச்.பி. என்பது நடைமுறைக் கணக்கு. இறுகிய மண்ணில் ரோட்டாவேட்டருக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

இழுக்கும் வேலைக்கு எச்.பி.யைவிட எடை முக்கியம். இரண்டு வண்டிகள் ஒரே எச்.பி. என்றாலும் 300 கிலோ அதிகமுள்ளது கலப்பையை இழுத்துக்கொண்டு போகும், மற்றது ஒரே இடத்தில் சுற்றிப் பள்ளம் பறிக்கும். எடையைத் தேவைப்படும்போது கூட்டலாம். 13.6-28 அளவுள்ள பின் டயரை முக்கால் பங்கு தண்ணீரால் நிரப்பினால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 200 கிலோ கூடும். பிறவியிலேயே கனமான வண்டியின் எடையைக் குறைப்பது முடியாத காரியம்.

தூக்கும் திறனிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கைகளின் நுனியில் அளந்தால் எண் பெரிதாக வரும். நுனிக்கு 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்தால் குறையும். கருவியின் கனம் இருப்பதோ பின்னால்தான். விளம்பரத் தாளில் எது அச்சாகியிருக்கிறது என்று கேளுங்கள்.

விற்பவர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டுமா என்ற சந்தேகம் புதிதல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919-இல், சோதிக்கப்படாத டிராக்டரை விற்கக் கூடாது என்று சட்டமே போட்டது. அடுத்த வருடம் சோதனை தொடங்கியது. இப்போது ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் விதிகளின்படி பல நாடுகளில் சோதனை நடக்கிறது. நீங்கள் பார்க்கும் மாடலுக்கு அப்படி ஒரு அறிக்கை இருந்தால் விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு அதைப் படியுங்கள்.

## ஒரே பார்வையில்

| | வாடகை | பவர் டில்லர் | மினி டிராக்டர் | நடுத்தர டிராக்டர் | பழைய டிராக்டர் |
|---|---|---|---|---|---|
| திறன் | தேவைக்கேற்ப | 8–15 எச்.பி. | 15–28 எச்.பி. | 35–50 எச்.பி. | பெரும்பாலும் 30–50 எச்.பி. |
| எடை | நம் கையில் இல்லை | சில நூறு கிலோ | சுமார் 700–1000 கிலோ | சுமார் 1800–2200 கிலோ | நடுத்தரத்தைப் போலவே |
| பொருந்தும் நிலம் | வருடத்தில் சில நாள் வேலையுள்ளது | சிறு பாத்திகள், சேறு | தோப்பு, தோட்டம், பத்து ஏக்கருக்குள் | திறந்த வயல், லோடர் (முன்பக்கம் மாட்டும் அள்ளும் வாளி), பாரம் | இடம் இருந்து பணம் குறைவானால் |
| மறைந்திருக்கும் செலவு | காத்திருப்பு | உடல் | கருவிகள் | கொட்டகை, டயர், கருவிகள் | நேரம், உதிரி பாகம் |
| நேரத்துக்குக் கிடைக்குமா | சந்தேகம் | ஆம் | ஆம் | ஆம் | ஓடினால் ஆம் |
| கற்றுக்கொள்ள | வேண்டியதில்லை | எளிது, உடல் பலம் வேண்டும் | மிக எளிது | கொஞ்சம் நாள் ஆகும் | வண்டியோடு மெக்கானிக் வேலையும் |

## வாங்காமல் இருப்பது: வாடகை

இதையும் ஒரு தேர்வாக வைத்துப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு அதிகம் வருந்துகிறார்கள். கணக்கு எளிது. வாங்கிய விலையிலிருந்து திரும்ப விற்கும்போது கிடைப்பதைக் கழித்து, வைத்திருக்கும் வருடங்களால் வகுங்கள். வட்டி, காப்பீடு, கொட்டகை, கருவிகளின் தேய்மானம் சேருங்கள். இது ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடா வருடம் போகும் பணம். பிறகு ஒரு மணி நேர வாடகையிலிருந்து, சொந்த வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டும் செலவைக் கழியுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடினால் சொந்த வண்டி கட்டுப்படியாகும் என்று தெரியும். உதாரணத்துக்கு மணி வாடகை 10 பங்கு, சொந்த ஓட்டுச் செலவு 4 பங்கு, வருட நிலையான செலவு 1200 பங்கு என்று வைத்தால் விடை 200 மணி நேரம். நீங்கள் தாளில் எழுதிய மொத்தம் 60 மணி நேரம் என்றால்? சரி, அப்புறம் என்ன யோசனை.

ஓட்டுச் செலவில் டீசலை இப்படி மதிப்பிடலாம். டீசல் இஞ்சின் முழுப் பாரத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 0.3 லிட்டர் குடிக்கும். 40 எச்.பி. என்பது சுமார் 30 கிலோவாட். ஆக முழுப் பாரத்தில் 9 லிட்டர், சாதாரண வேலையில் அதில் பாதி.

வாடகையின் மறைந்த செலவு காத்திருப்புதான். உங்கள் நிலத்தில் பதம் வரும் நாளில்தான் பக்கத்து நிலத்திலும் பதம் வரும். சின்ன நிலத்துக்காரரின் முறை கடைசியில்தான் வரும். இன்னொன்று, வருகிற வண்டி பெரியது, ஈரம் காயும்வரை காத்திருக்க அவருக்கு நேரமில்லை. ஈர மண்ணில் கனமான சக்கரம் ஏறினால் மண் இறுகி, அடுத்த பருவத்தில் வேர் இறங்காது. முந்தைய நிலத்துக் களை விதையும் ரோட்டாவேட்டரின் கத்தியில் ஒட்டி இலவசமாக வரும். உழும் முன் கருவியைக் கழுவச் சொல்லலாம். முகம் கோணும், பரவாயில்லை.

வேலை வருடத்தில் ஒன்றிரண்டு முறை கனமாக வந்து மற்ற நாட்களில் இல்லையென்றால் வாடகைதான் சரி. நிலம் வாங்கிய முதல் வருடம் எல்லோருக்குமே இது சரி. ஒரு வருடம் வாடகைக்கு ஓட்டிப் பார்த்தால் தாளில் எழுதியது எவ்வளவு கற்பனை என்று தெரிந்துவிடும்.

## பவர் டில்லர்

சேற்று உழவுக்கும் சின்னச் சின்னப் பாத்திகளுக்கும் இது நல்ல கருவி. வரப்பைத் தாண்டும், மூலைவரை போகும், சேற்றில் புதைவது குறைவு. வாங்கும் விலையும் ரிப்பேரும் குறைவு.

ஆனால் பின்னால் நடக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் அகலத்தில் உழுதால் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 6.7 கிலோமீட்டர் நடை, அதுவும் உழுத மண்ணில், அதிரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. மூன்று ஏக்கருக்கு மேல் இதையே நம்பியிருந்தால் முதுகும் தோளும் கணக்குச் சொல்லும். ரிவர்ஸ் கியரில் பின்னால் மரமோ சுவரோ இருக்கிறதா என்று பார்க்காமல் எடுப்பது மோசமான விபத்துக்கு வழி. ஹைட்ராலிக் தூக்கி இல்லாததால் நாளைக்கு லோடர், ஸ்லாஷர் என்று ஆசைப்பட்டால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

## மினி டிராக்டர்

முதல் டிராக்டர் வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதுவே போதும் என்பது என் எண்ணம். அவர்களில் பலர் இதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஒரு மீட்டர் அளவே அகலம் என்பதால் தென்னை, மா, வாழை, காய்கறி வரிசை எதற்கு நடுவிலும் போய்த் திரும்பும். எடை குறைவு, மண் இறுகுவதும் குறைவு. நான்கு சக்கர இயக்கம் இருந்தால் அந்த எடைக்கு ஆச்சரியமான இழுவை கிடைக்கும். புதிதாக ஓட்டுபவருக்குப் பயம் வராது. ஹைட்ரோஸ்டாட்டிக் கியர் உள்ள மாடல் என்றால் காலால் மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். லோடர் வேலையில், முன்னும் பின்னும் நூறு முறை போய்வரும்போது, அதன் அருமை தெரியும். கொஞ்சம் திறன் வீணாகும், டீசல் கூடும், விலையும் அதிகம். நாள் முழுக்க உழுவதுதான் வேலை என்றால் சாதாரணக் கியர்பெட்டியே நல்லது.

இப்போது கஷ்டமான பகுதி. மினி டிராக்டரின் மறைந்த செலவு கருவிகளில் இருக்கிறது. பின்னால் இருக்கும் மூன்று கைகளுக்கு வகைகள் உண்டு. முதல் வகையில் கீழ்க் கையின் முள் 22 மில்லிமீட்டர் தடிமன், இரண்டாம் வகையில் 28. மினியில் முதல் வகையோ அதைவிடக் குறுகிய வகையோ இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் கலப்பையை இரவல் வாங்கி மாட்டலாம் என்று நினைத்தால், மாட்டாது. மாட்டினாலும் தூக்காது. 500 முதல் 800 கிலோ தூக்கும் என்றிருந்தாலும் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அந்த எண்ணால் பயனில்லை. எனவே ஒவ்வொரு கருவியும் இதற்கென்றே வாங்கியாக வேண்டும். வண்டி விலையில் பாதியளவு கருவிகளுக்கே போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து டிரெய்லர். மினியால் இரண்டு டன் பாரத்தைச் சமதளத்தில் இழுக்க முடியும். இறக்கத்தில் நிறுத்த முடியாது. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி வண்டியை மடக்கிவிடும். சரிவான பாதையில் பாரம் ஏற்றுவது அன்றாட வேலை என்றால் மினியை மறந்துவிடுங்கள், அல்லது பிரேக் உள்ள டிரெய்லரைப் பாருங்கள்.

தரிசை முதல் முறை உடைப்பது, கல் நிலம், ஆழ உழவு ஆகியவையும் இதன் வேலை இல்லை. அதை ஒரு முறை வாடகைக்குப் பெரிய வண்டி வைத்து முடித்துவிட்டு, பராமரிப்பை மினியில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கலவை பலருக்கும் பொருந்துகிறது. ஏனோ இதை முதலில் யாரும் யோசிப்பதில்லை.

## நடுத்தர டிராக்டர்

35 முதல் 50 எச்.பி. வரை உள்ள இந்த வகைதான் உலகம் முழுவதும் சிறு, நடுத்தரப் பண்ணைகளின் அடிப்படை. கருவிகள் ஏராளம், பழைய கருவிகளும் கிடைக்கும், இரவல் வாங்கலாம், மெக்கானிக்குகளுக்குப் பழக்கம். 1500 கிலோவுக்கு மேல் தூக்கும். லோடர், குழி தோண்டும் கருவி, சட்டிக் கலப்பை எதுவும் மாட்டலாம். பத்துப் பதினைந்து ஏக்கருக்கு மேல் திறந்த வயல், அல்லது குறைந்த நிலத்திலும் மண் அள்ளுவது, பாரம் இழுப்பது அதிகம் என்றால் இதுதான்.

மறைந்த செலவு? திரும்பும் இடம் முதலாவது. டிராக்டரும் கருவியும் சேர்ந்து திரும்ப வயலின் இரு முனையிலும் சில மீட்டர் விட வேண்டும். அரை ஏக்கர் வயலில் அந்த இழப்பு சின்னதல்ல, மூலைகளை மறுபடி கையால்தான் கொத்த வேண்டியிருக்கும். கொட்டகை பெரிதாக வேண்டும். பின் டயர் ஒன்றின் விலையைக் கேட்டால் ஒரு நிமிடம் உட்காரத் தோன்றும். வெயிலில் நின்று வெடித்த டயரும் தேய்ந்த டயரும் செலவில் ஒன்றுதான்.

பெரிய டீசல் இஞ்சினைக் கொண்டு எப்போதும் சின்ன வேலையே செய்தால் அதற்கும் நல்லதல்ல. பாரமில்லாமல் மந்தமாக ஓடும் இஞ்சின் சூடேறாது, எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியும். "பெரிதாக வாங்கி வைத்தால் சின்ன வேலைக்கும் ஆகும்" என்ற பழைய வாதம் இங்கே கொஞ்சம் இடிக்கிறது.

"பக்கத்து நிலங்களுக்கு வாடகைக்கு ஓட்டிக் கடனை அடைத்துவிடலாம்" என்ற திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முடியும், ஆனால் அது தனித் தொழில். டிரைவர் வேண்டும், பாக்கி வசூலிக்க வேண்டும், உங்கள் நிலத்தில் பதம் வரும் நாளில் வண்டி வேறு யாரோ ஒருவர் வயலில் இருக்கும். எப்போதாவது கிடைத்தால் லாபம் என்று வையுங்கள். கடன் தவணையை அதை நம்பிப் போடாதீர்கள்.

## பழைய டிராக்டர்

பணம் குறைவு, இடம் உண்டு, கையில் ஸ்பானர் பிடிக்கத் தெரியும் என்றால் இதுதான் சிறந்த தேர்வு. ஸ்பானர் பிடிக்கத் தெரியாது, கற்கவும் ஆசையில்லை என்றால் இதுதான் மோசமான தேர்வு. இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை.

பார்க்கப் போகும்போது இஞ்சினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காகத் தயார் செய்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் முன் டிப் ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, திரும்பிவிடலாம். ஓடும்போது வரும் புகையின் நிறம் பேசும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் நிற்காத கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. சூடேறிய பிறகும் வரும் வெள்ளைக்கு டீசல் சரியாக எரியாதது முதல் தண்ணீர் உள்ளே போவதுவரை பல காரணங்கள் இருக்கலாம், ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பம்பு அடிப்பது போல வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

கிளட்சுக்கு ஒரு சோதனை. திறந்த இடத்தில் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். இஞ்சின் திணறி நின்றால் நல்லது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அதை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

அப்புறம் பின்பக்கம். கனமான கருவியைத் தூக்கி, இஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். மெதுவாக இறங்கினால் பரவாயில்லை. ஐந்து நிமிடத்தில் தரையைத் தொட்டால் ஹைட்ராலிக் சீல்கள் போய்விட்டன. பி.டி.ஓ. தண்டில் ஆறு பற்கள் இருக்கும், அவை கூராகத் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இஞ்சின் நின்ற பிறகு. அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று ஓடும் தண்டு. அதன் மேல் மூடி இல்லாத பழைய வண்டி என்றால் முதல் செலவாக மூடியை வாங்குங்கள். துண்டின் நுனி மாட்டினால் உதற நேரம் இருக்காது.

பழைய மாடல்களில் இன்னொரு சிக்கல். கிளட்சை மிதித்தால் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் இஞ்சின் தொடர்பு சேர்ந்தே அறும் வகை அவை. ஸ்லாஷர் மாட்டியிருந்தால் அதன் கனமான கத்தி சுழன்றுகொண்டே இருந்து, கியர்பெட்டி வழியாகச் சக்கரத்தைத் தள்ளும். கிளட்சை மிதித்தும் வண்டி நிற்காமல் வேலிக்குள் போகும். ஒருவழிக் கப்ளிங் ஒன்றைத் தண்டில் போட்டால் தீர்ந்தது. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மணி மீட்டரை அரைகுறையாக நம்புங்கள். பழைய இயந்திர மீட்டர்கள் இஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் ஒரு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் காட்டும், மெதுவாக ஓடினால் குறைத்துக் காட்டும். பெடல் ரப்பரின் தேய்மானமும் ஸ்டீயரிங் பிடியும் மீட்டரைவிட உண்மை பேசும். உரிமைப் பத்திரம், இஞ்சின் எண், சேசிஸ் எண் மூன்றும் ஒத்துப்போகாமலும், நிலுவைக் கடன் இல்லை என்று தெரியாமலும் முன்பணம் கொடுக்காதீர்கள். கவிழ்ப்புச் சட்டம் இல்லாவிட்டால் அந்த மாடலுக்கென்று தயாரான சட்டம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். வெல்டிங் கடையில் குழாயை வளைத்துச் செய்வது சட்டம் ஆகாது, ஆக்சில் முறியும்போது தெரியும்.

வாங்கியதும் எல்லா ஆயிலும், எல்லா ஃபில்டரும், கூலன்ட்டும் மாற்றுவதற்கு ஒரு தொகையை விலையோடு சேர்த்தே ஒதுக்குங்கள்.

## இரண்டு சக்கரமா, நான்கா

சமதளம், மணல் கலந்த மண், பெரும்பாலும் காய்ந்த வேலை என்றால் இரண்டு சக்கர இயக்கம் போதும். விலை குறைவு, திரும்பும் வட்டம் சின்னது, முன்பக்கம் கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஈரக் களிமண், சரிவு, முன்லோடர் மூன்றில் ஒன்று இருந்தாலும் நான்கு சக்கரம் எடுங்கள். சரிவில் இறங்கும்போது முன்சக்கரமும் பிடிப்பது பிரேக்குக்குப் பெரிய துணை.

இதிலும் மறைந்த செலவு உண்டு. முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சில சதவீதம் வேகமாகச் சுற்றும்படிதான் அமைத்திருப்பார்கள். அதனால் கெட்டியான சாலையில் நான்கு சக்கரத்தில் போட்டு ஓட்டினால் டயரும் கியரும் தேயும். டயர் மாற்றும்போதும் முன், பின் அளவுகளின் பொருத்தம் மாறக் கூடாது, கிடைத்த அளவைப் போட முடியாது.

முன்லோடர் வேண்டுமா என்பதில் என் கட்சி தெளிவு. எரு, மண், விறகு அள்ளும் வேலை வாரம் ஒரு முறையாவது இருந்தால் வாங்கும்போதே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் வேண்டாம், திரும்பும்போதெல்லாம் மூக்கில் இடிக்கும். லோடர் போட்டால் பின்னால் எடை கட்டாயம். நிறைந்த பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு சரிவில் குறுக்கே போனால் பக்கவாட்டில் கவிழும்.

## யாருக்கு எது

ஐந்து ஏக்கருக்குள் தோப்பும் தோட்டமும், நீங்களே ஓட்டப்போகிறீர்கள்: நான்கு சக்கர மினி, ரோட்டாவேட்டர், ஸ்லாஷர். கன வேலைக்கு வாடகை.

இரண்டு ஏக்கருக்குள் பாத்தி, சேறு: டில்லர், அல்லது வாடகை மட்டும்.

பதினைந்து ஏக்கர் வயல், பதம் தவறினால் விதைப்பு தவறும்: நடுத்தரம், புதிதாக.

அதே நிலம், பாதிப் பணம், நல்ல மெக்கானிக் அரை மணி நேரத் தூரத்தில்: சுற்றுப்புறத்தில் அதிகம் ஓடும் பழைய மாடல்.

இரண்டுக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்றால் சின்ன வண்டியும் நல்ல கருவிகளும் என்ற பக்கம் சாயுங்கள். பெரிய வண்டியும் ஒரே ஒரு கலப்பையும் என்று நின்றுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முடிவு செய்ததும் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: கருவி மாட்டிய வண்டியை உங்கள் நிலத்துக்கே கொண்டு வந்து ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஈரமாக இருக்கும் ஒரு நாளில். கேட்டுக்குள் நுழைகிறதா, மரங்களுக்கு நடுவே திரும்புகிறதா, கருவியைத் தூக்கும்போது முன்சக்கரம் தரையில் நிற்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு மணி நேரமும் வண்டிக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நடந்து வாருங்கள்.